வகை தெரியாமல் ஆப்ஜெக்ட் பிறக்குமா?

ஒரு நூலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவேடுகளை யாரோ பொறுமையாகக் கணினியில் ஏற்றி மூன்று கோப்புகளாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் புத்தகங்கள், இன்னொன்றில் உறுப்பினர்கள், மூன்றாவதில் இரவல் கணக்கு. ஒவ்வொரு வரியையும் படித்து, காற்புள்ளி இருக்கும் இடங்களில் வெட்டி, புத்தகம் என்றோ உறுப்பினர் என்றோ ஓர் ஆப்ஜெக்ட் உருவாக்கி, விவரங்களை அதில் நிரப்பிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிரலாளர் முதலில் புத்தகத்துக்கு ஒரு மெத்தட் எழுதுவார். பிறகு அதையே நகலெடுத்து உறுப்பினருக்கு மாற்றுவார். மூன்றாவது முறை நகலெடுக்கும்போது கை தயங்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வகையின் பெயர் மட்டுமே வேறு. நாளைக்குக் கோப்பைத் திறக்கும் முறையில் ஒரு திருத்தம் வந்தால் மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும், ஓரிடம் விட்டுப்போகும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் ஜெனரிக் மெத்தட். வகையின் பெயர் வரும் இடத்தில் ‘டி’ என்று ஓர் எழுத்தை வைத்து ஒரே ஒரு முறை எழுதிவிடலாம். இந்த முறை ‘டி’ என்பது புத்தகம், அடுத்த முறை உறுப்பினர் என்று அழைக்கும் இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஜாவாவில் இப்படி எழுத ஆரம்பித்தால் எல்லாம் சுமுகமாகவே போகும், ‘நியூ டி’ என்ற வரி வரும்வரை. ‘டி வகையில் புதிதாக ஒன்றை உருவாக்கு’ என்பது அதன் பொருள். கம்பைலர் அங்கே நின்றுவிடும். ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிடும். சி ஷார்ப்பிலும் முதல் முயற்சியில் இதே கதைதான்.

மொழியை வடிவமைத்தவர்கள் சேர்க்க மறந்த வசதி இது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கம்பைலரின் மறுப்புக்குப் பின்னால் தர்க்கத்திலிருந்தே வரும் ஒரு காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், ஒவ்வொரு மொழியும் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி ஏன் அப்படி இருக்கிறது என்பதும் தானாகத் தெளியும்.

ஜெனரிக் முதலில் பயன்பட்டது பெரும்பாலும் சுமப்பதற்கு. பட்டியல், வரிசை, அடுக்கு போன்றவை தங்களுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்பதே இல்லை. ஒரு கூரியர்காரர் பெட்டிக்குள் கண்ணாடிச் சாமானா, காகிதமா என்று பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். அவருக்கு முகவரி தெரிந்தால் போதும். ஆனால் அவரையே கூப்பிட்டு, ‘பெட்டியில் இருப்பதைப்போல இன்னொன்று செய்து கொடுங்கள்’ என்றால்? உள்ளே இருப்பது என்ன என்று தெரியாத வரை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சுமப்பதற்கு அறிவு வேண்டாம், படைப்பதற்கு வேண்டும்.

இதைக் கணிதமாகவே நிறுவியிருக்கிறார்கள். 1967இல் கோபன்ஹேகனில் நடந்த கோடைப் பள்ளியில் ஆற்றிய உரைகளில் ஆங்கிலேய கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். ஒரே பெயரில் இருந்தாலும் எண்ணுக்கு ஒரு வேலை, எழுத்துக்கு வேறு வேலை என்று வகைக்கு வகை வெவ்வேறாக நடப்பது ஒன்று. எந்த வகை வந்தாலும் அச்சு அசலாக ஒரே மாதிரி நடப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் நம் ஜெனரிக்கின் மூலம். எழுபதுகளில் ஜான் ரெனால்ட்ஸும், அவரை அறியாமலே பிரான்சில் ழான்-ஈவ் ஜிரார்டும் இதற்குத் துல்லியமான தர்க்க வடிவம் கொடுத்தார்கள். 1989இல் ஃபிலிப் வாட்லர் ஒரு கட்டுரையில் அதன் விளைவுகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

அந்த விளைவுகள் வியப்பூட்டுபவை. ‘டி’ ஒன்றை வாங்கிக்கொண்டு ‘டி’ ஒன்றைத் திருப்பித் தரும் ஒரு ஜெனரிக் ஃபங்ஷன் இருக்கிறது என்று மட்டும் உங்களிடம் சொல்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டவில்லை. பார்க்காமலே நீங்கள் அடித்துச் சொல்லலாம்: வாங்கியதையே அது திருப்பித் தருகிறது. வேறு வழியே இல்லை, ஏனென்றால் ‘டி’ எண்ணா, பெயரா, புத்தகமா என்று அதற்குத் தெரியாது. ‘டி’களின் பட்டியலை வாங்கிப் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் என்றால், அது வரிசையை மாற்றலாம், சிலவற்றைக் கைவிடலாம், சிலவற்றை இரண்டு முறை சேர்க்கலாம். வந்த பட்டியலில் இல்லாத ஒரு ‘டி’யை அதனால் நுழைக்கவே முடியாது. இப்போது கடைசிப் படி. எதையும் வாங்கிக்கொள்ளாமல் எந்த வகைக்கும் ஒரு ‘டி’யைத் தரும் ஃபங்ஷன் என்ன செய்யும்? எதையும் தர முடியாது. முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது பிழை சொல்லி நிற்கும். ஜாவா போன்ற மொழிகளில் ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் தந்து தப்பிக்கலாம், ஆனால் அது உருவாக்கியதாக ஆகாது.

ஆக, ‘நியூ டி’ நின்றுபோவது இங்கேதான். உருவாக்கத் தேவையான அறிவு ‘டி’ என்ற எழுத்துக்குள் இல்லை. அது வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதை யார் கொண்டுவருகிறார், எந்த நேரத்தில், எந்த வழியாக என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு.

சி பிளஸ் பிளஸ் எடுத்த வழி நேரடியானது. அங்கே ‘டெம்ப்ளேட்’ என்பது நிரல் ஆவதற்கு முந்தைய அச்சுதான். புத்தகத்துக்கு ஒரு முறை, உறுப்பினருக்கு ஒரு முறை என்று நாம் கையால் நகலெடுத்த அதே வேலையைக் கம்பைலர் நமக்காகச் செய்துவிடுகிறது. ஒவ்வொரு நகலிலும் ‘டி’ இருந்த இடத்தில் உண்மையான பெயர் உட்கார்ந்திருப்பதால் ‘நியூ டி’ அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. வேகமாகவும் ஓடும். இதற்குக் கொடுக்கும் விலை, நகல்கள் பெருகப் பெருகக் கூடும் நிரலின் பருமனும், ஒரு வகை பொருந்தாவிட்டால் பக்கம் பக்கமாக வந்து விழும் பிழைச் செய்திகளும். ‘டி’யிடம் என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையான வசதி அந்த மொழியின் தரநிலைக்கு 2020இல்தான் வந்தது.

சி ஷார்ப்பின் வழி ஒரு வாக்குறுதி கேட்பது. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ கென்னடியும் டான் சைமும் வடிவமைத்து 2001இல் கட்டுரையாக வெளியிட்ட ஜெனரிக், 2005 நவம்பரில் சி ஷார்ப் 2.0 ஆக நிரலாளர்கள் கைக்கு வந்தது. அங்கே மெத்தடின் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை எழுதலாம்: ‘டி’யாக வரும் எந்த வகைக்கும் உள்ளீடு எதுவும் கேட்காத ஒரு பொதுக் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்டைப் பிறக்கவைக்கும் நிரல்பகுதி, இருக்க வேண்டும். இதை எழுதியதும் ‘நியூ டி’யைக் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். வாக்குறுதியைக் காப்பாற்றாத வகையை அனுப்பினால் அழைக்கும் இடத்திலேயே தடுத்துவிடும். அன்றாடம் பயன்படும் ‘ஸ்டிரிங்’ வகையே இந்த வாசலில் தடுக்கப்படும் என்பது புதிதாகக் கற்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதற்கு வெறும் கன்ஸ்ட்ரக்டர் கிடையாது.

இந்த வசதி உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்பதை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். ‘நியூ புத்தகம்’ என்று எழுதினால் கம்பைலர் அந்தக் கன்ஸ்ட்ரக்டரை நேராக அழைக்கும் கட்டளையைப் பதிக்கிறது. ‘நியூ டி’ என்று எழுதினால் அப்படிப் பதிக்க முடியாது. அதற்குப் பதிலாக ‘ஆக்டிவேட்டர்’ என்ற உதவியாளரை அழைக்கும் கட்டளை பதிகிறது. நிரல் ஓடும்போது ‘இப்போது டி யார்?’ என்று அந்த உதவியாளர் பார்த்து, அதன் கன்ஸ்ட்ரக்டரைத் தேடிப் பிடித்து இயக்குகிறார். இந்தச் சுற்று வழியின் தடம் ஓரிடத்தில் வெளியே தெரியும். கன்ஸ்ட்ரக்டருக்குள் ஏதாவது பிழை எழுந்தால், அது உள்ளபடியே நம்மிடம் வராது. வேறொரு பிழையின் உறைக்குள் சுற்றப்பட்டு வரும். அந்த உறையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இதைவிடப் பெரிய குறை வடிவமைப்பில் இருக்கிறது. ‘உள்ளீடு கேட்காத கன்ஸ்ட்ரக்டர்’ என்ற நிபந்தனை, வெற்று ஆப்ஜெக்ட் ஒன்றை முதலில் பிறக்கவைத்துவிட்டுப் பிறகு நிரப்பச் சொல்கிறது. தலைப்பு இல்லாத புத்தகம், எண் இல்லாத உறுப்பினர் என்று கொஞ்ச நேரமாவது அரைகுறை ஆப்ஜெக்ட்கள் நிரலுக்குள் உலவுகின்றன. தலைப்பு இல்லாமல் புத்தகமே இருக்கக் கூடாது என்று கன்ஸ்ட்ரக்டரிலேயே கட்டாயப்படுத்த நினைக்கும் நல்ல நிரலாளர், இந்த ஜெனரிக் மெத்தடுக்காக அந்தக் கட்டாயத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஒரு பொது வசதிக்காக எல்லா வகைகளின் உறுதியும் தளர்கிறது. எனக்கு இந்த வழி மேல் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஜாவாவின் கதை வேறு. 1996இல் ஜாவாவின் முதல் பதிப்பு வந்தபோது அதில் ஜெனரிக் இல்லை. மார்ட்டின் ஓடர்ஸ்கியும் நாம் மேலே பார்த்த அதே வாட்லரும் 1997இல் ‘பீட்ஸா’ என்ற மொழியில் அதைச் செய்து காட்டினார்கள். மறு ஆண்டு கிலாட் பிராச்சா, டேவிட் ஸ்டவுட்டமயர் இருவரும் சேர, நால்வராக ஜாவாவுக்கே பொருந்தும் ஒரு வடிவத்தை முன்வைத்தார்கள். 2004 செப்டம்பரில் ஜாவா 5இல் வந்தது அதன் வழித்தோன்றல்தான். அதற்குள் உலகமெங்கும் ஜாவா நிரல்கள் பரவி ஓடிக்கொண்டிருந்தன. பழைய லைப்ரரியும் புதிய நிரலும் ஒன்றையொன்று உடைக்காமல் சேர்ந்து ஓட வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அதனால் ஜெனரிக் விவரங்களைக் கம்பைலர் சரிபார்த்து முடித்ததும் அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். நிரல் ஓடும்போது புத்தகப் பட்டியலும் உறுப்பினர் பட்டியலும் வெறும் பட்டியல்களே; ‘நீ எந்த வகை?’ என்று கேட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லும். சி ஷார்ப்புக்கு இந்தச் சுமை குறைவு. அதன் தளமே 2002இல்தான் வெளிவந்திருந்தது. ரன்டைமையே மாற்றி, பழைய பட்டியல் வகைகளுக்குப் பக்கத்தில் புதியவற்றையும் வைக்க அவர்களால் முடிந்தது.

அழித்துவிட்ட பிறகு, ‘இப்போது டி யார்?’ என்று ஓடும்போது கேட்கவும் ஜாவாவில் வழியில்லை. எனவே நிரலாளரே அறிவைக் கையில் கொண்டுவர வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டியலை அணியாக மாற்றும் ‘டூஅரே’ என்ற சிறிய மெத்தடின் வரலாறு. புத்தகப் பட்டியலிலிருந்து புத்தக அணி வேண்டும். பட்டியலுக்குத் தன் வகை தெரியாது. ஆனால் ஜாவாவில் அணிகளுக்கு மட்டும் தங்கள் வகை ஓடும்போதும் நினைவிருக்கும். ஆகவே நாம் காலியான ஒரு புத்தக அணியை, பூஜ்ஜியம் நீளத்தில், மாதிரிக்கு உருவாக்கிக் கையில் கொடுக்கிறோம். மெத்தட் அதனிடம் ‘நீ எந்த வகை அணி?’ என்று கேட்டு, அதே வகையில் தேவையான நீளத்துக்குப் புதிய அணியை உருவாக்கிப் பட்டியலில் இருப்பதை அதில் நிரப்பித் தருகிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத அந்த அணி சுமந்து வருவது தன் வகையின் பெயரை மட்டும். ஜெனரிக்குக்கும் முன்பே, 1998இல் ஜாவா 1.2இல் வந்த இந்த ஏற்பாட்டை இருபது ஆண்டுகள் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2018இல் ஜாவா 11 இன்னொரு வடிவத்தைச் சேர்த்தது. அதில் மாதிரி அணி வேண்டாம்; ‘நீளத்தைச் சொன்னால் புத்தக அணி உருவாக்கும் ஃபங்ஷன்’ ஒன்றைக் கொடுத்தால் போதும்.

மாதிரியிலிருந்து செய்முறைக்கு நகர்ந்த இந்த நகர்வு அணிகளோடு நிற்கவில்லை. ஆப்ஜெக்ட் உருவாக்க ஜாவாவில் நீண்ட காலம் பயன்பட்டது வகையின் அடையாளச் சீட்டு. ‘புத்தகம் டாட் கிளாஸ்’ என்று எழுதினால் புத்தக வகையைப் பற்றிய விவர ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதை மெத்தடுக்குக் கொடுத்தால், அது கன்ஸ்ட்ரக்டரைத் தேடி இயக்கும். இதில் பிழைகள் கம்பைலர் கண்ணில் படாமல் நிரல் ஓடும்போதுதான் வெடிக்கும். ‘புத்தகங்களின் பட்டியல்’ என்ற வகைக்கு அப்படி ஒரு சீட்டு எழுதவும் முடியாது, ஏனென்றால் ஓடும்போது அப்படி ஒரு வகையே இல்லை. கூகுளின் ஜிசான் லைப்ரரி இதற்குச் செய்யும் தந்திரம் அழகானது. ஜாவா அழிப்பது ஆப்ஜெக்ட்களில் உள்ள ஜெனரிக் விவரத்தைத்தான். ஒரு கிளாஸ் எந்த ஜெனரிக் கிளாஸிலிருந்து வழிவந்தது என்ற குறிப்பு கிளாஸ் கோப்பில் அழியாமல் இருக்கும். ஆகவே நிரலாளர் ‘டைப்டோக்கன்’ என்று எழுதி, ‘புத்தகங்களின் பட்டியல்’ என்று குறித்து, கடைசியில் வெறும் இரண்டு நெளிவு அடைப்புகளைப் போடுகிறார். அந்த அடைப்புகள் பெயரில்லாத ஒரு துணை வகையை அங்கேயே உருவாக்குகின்றன. லைப்ரரி அதன் வம்சக் குறிப்பைப் படித்து வகையைத் தெரிந்துகொள்கிறது. அடைப்புகளை விட்டுவிட்டால் தந்திரம் பலிக்காது.

2014இல் ஜாவா 8 ஃபங்ஷன்களைச் சுலபமாகக் கைமாற்ற வழி செய்ததும் இவற்றில் பாதிக்குத் தேவையில்லாமல் போனது. நம் நூலகக் கோப்பைப் படிக்கும் மெத்தட் இப்போது ‘டி’யை உருவாக்க முயலவே வேண்டாம். ‘வெட்டிய வரியைக் கொடுத்தால் ஒரு டி தரும் ஃபங்ஷன்’ ஒன்றை அழைப்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புத்தகத்துக்கு அழைப்பவர் புத்தகத்தின் செய்முறையைக் கொடுப்பார். அதில் தலைப்பைக் கட்டாயம் கேட்கும் கன்ஸ்ட்ரக்டரையே அழைக்கலாம். அரைகுறை ஆப்ஜெக்ட் இல்லை, தேடிப் பிடிக்கும் சுற்று வழி இல்லை, பிழைக்கு உறை இல்லை. மெத்தடுக்கு ‘டி’ யார் என்று கடைசிவரை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சி ஷார்ப்பிலும் இதே வழி திறந்திருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் முதலில் இதைத்தான் முயன்று பார்க்க வேண்டும் என்பேன். மற்றவை இது பொருந்தாத இடங்களுக்கு.

இந்தச் செய்முறையை ஒவ்வொரு அழைப்பிலும் கையால் நீட்டுவது அலுப்பாக இருக்கிறதே என்றால், அதைக் கம்பைலரே நீட்டும் மொழிகளும் உண்டு. வாட்லரும் ஸ்டீஃபன் பிளாட்டும் 1989இல் முன்வைத்து ஹாஸ்கெல் மொழியில் குடியேறிய ‘டைப் கிளாஸ்’ அப்படிப்பட்டது. அங்கே ‘ரீட்’ என்ற ஃபங்ஷனுக்கு 25 என்ற எழுத்துச் சரத்தைக் கொடுத்தால், முழு எண் எதிர்பார்க்கும் இடத்தில் முழு எண் வரும், தசம எண் எதிர்பார்க்கும் இடத்தில் தசம எண் வரும். திரும்பி வரவேண்டிய வகையைப் பார்த்துக் கம்பைலர் அதற்குரிய செய்முறைத் தொகுப்பை மறைவாகக் கூடவே அனுப்பிவைக்கிறது. படைக்க முடியாது என்று காட்டிய அதே ஆண்டில், அதே ஆள், அறிவை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்றும் காட்டியிருக்கிறார். ரஸ்ட் மொழியின் ‘டீஃபால்ட்’ இந்த மரபில் வந்தது. சி ஷார்ப்புக்கு இது 2022 நவம்பரில் வந்தது. ஒரு வகை தன்னை உருவாக்கும் முறையை இன்டர்ஃபேஸில் வாக்குறுதியாகத் தரலாம். ஜெனரிக் மெத்தடுக்குள் ‘டி டாட் பார்ஸ்’ என்று எழுதி அதை அழைக்கலாம். வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர் கேட்ட பழைய நிபந்தனையைவிட இது எவ்வளவோ மேல்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ‘டி’ யார் என்பது நிரலை எழுதும்போதே எங்கோ ஓரிடத்தில் தெரிந்திருக்கிறது. தெரியாமலே இருக்கும் நிலையும் உண்டு. கோப்பின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘புத்தகம்’, ‘இரவல்’ என்று வகையின் பெயரே எழுத்தாக இருந்தால்? அங்கே ஜெனரிக் உதவாது, கம்பைலர் வேலையை முடித்துப் போன பிறகுதான் அந்தப் பெயர் வருகிறது. பெயரை வைத்து வகையைத் தேடி உருவாக்கும் வசதி ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் இருக்கிறது. எழுதச் சுலபம், ஆனால் ஆபத்து அதிகம். உருவாக வேண்டியது என்ன என்பதை இப்போது தீர்மானிப்பது நாமல்ல, கோப்பை அனுப்பியவர்.

ஜாவாவில் ஆப்ஜெக்ட்களை பைட்களாக்கிச் சேமித்து மீட்கும் பழைய வசதி இப்படித்தான் இயங்குகிறது. வகைகளின் பெயர்கள் பைட்களுக்குள்ளேயே இருக்கும். மீட்கும்போது ரன்டைம் அந்தப் பெயர்களைப் படித்து, தனக்கு எட்டிய, சேமிக்கத்தக்கது என்று குறிக்கப்பட்ட எந்த வகையாக இருந்தாலும் உருவாக்கிவிடும். வந்தது புத்தகம்தானா என்ற சோதனை நடப்பது உருவாகி முடித்த பிறகு. அதற்கு மேல் அழகாக ஒரு ஜெனரிக் மெத்தடைப் போர்த்தி, ‘டி’யைத் திருப்பித் தருகிறேன் என்று தலைப்பில் எழுதினாலும் உள்ளே நிலைமை மாறாது. 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கிறிஸ் ஃப்ரோஹாஃபும் கேப்ரியல் லாரன்ஸும், பல நிறுவனங்களின் மென்பொருள்களில் கூடவே இருக்கும் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற சாதாரண லைப்ரரியின் வகைகளையே கோத்து, மீட்கும் நேரத்தில் தாங்கள் விரும்பிய கட்டளையை அந்தக் கணினியில் ஓடவைக்க முடியும் என்று காட்டினார்கள். ஜாவா 9இல், 2017இல், எந்த வகைகளை அனுமதிப்பது என்று சொல்லும் வடிகட்டி வந்தது. சி ஷார்ப் தளத்தில் இதே வேலையைச் செய்த ‘பைனரி ஃபார்மேட்டர்’ 2024இல் வெளிவந்த டாட் நெட் 9இல் செயலிழக்கச் செய்யப்பட்டது. அந்தப் பதிப்பில் அதை அழைத்தால் பிழை மட்டுமே வரும்.

வரியிலேயே வகையின் பெயர் வரும் நூலகக் கோப்புக்கு இந்த ஆபத்து தேவையில்லை, ஒரு சிறிய அட்டவணை போதும். இடப்பக்கம் ‘புத்தகம்’, ‘உறுப்பினர்’, ‘இரவல்’ என்ற பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றையும் உருவாக்கும் ஃபங்ஷன். நிரலாளர் கையால் எழுதிய மூன்று வரிகள். வரியில் வந்த பெயர் அட்டவணையில் இருந்தால் அந்த ஃபங்ஷன் ஓடும். இல்லாவிட்டால் அந்த வரி நிராகரிக்கப்பட்டு, கோப்பில் எத்தனையாவது வரி என்ற எண்ணோடு பிழைப் பதிவேட்டில் ஏறும். நாளைக்கு நூலகத்தில் குறுந்தகடுகளும் சேர்ந்தால் நான்காவது வரியைச் சேர்க்க வேண்டியிருக்கும்.